பி மைக்

ஒயரு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. எந்தப் பெற்றவர்களும் பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைக்க மாட்டார்கள். அவள் தோளில் எந்நேரமும் ஒரு சுருள் கேபிள் தொங்கும். சாப்பிட உட்காரும்போதுகூடக் கழற்றி வைக்க மறந்துவிடுவாள். அக்காள் புருஷன்தான் ஒருநாள், "யப்பா ஒயரு, அந்தத் தண்ணியை இந்தப் பக்கம் தள்ளு" என்றார். அன்றிலிருந்து வீடு, கடை, மண்டபத்துக் காவலாளிகள் வரை எல்லாருக்கும் அவள் ஒயருதான்.

அவர்கள் எல்லாரும் அவளை 'அவன்' என்றுதான் பேசுவார்கள். நாம் 'அவள்' என்றே சொல்வோம். தன்னைப் பற்றி அவள் மனசுக்குள் நினைத்துக்கொள்வது அப்படித்தான். ஊர் ஒன்றைச் சொல்கிறது என்பதற்காக நாமும் சேர்ந்து பொய் சொல்ல வேண்டியதில்லை.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, அக்கா புகுந்த வீட்டுக்குத் தன் பெட்டியோடு இவளையும் சேர்த்துக் கொண்டுபோனாள். மாமா முகம் சுளிக்கவில்லை. அவர் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருந்தார். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், மைக், மிக்சர் எல்லாம் வாடகைக்கு. அவளும் அங்கேயே ஒட்டிக்கொண்டாள். தூங்குவது அக்கா வீட்டு முன்னறையில், வேலை மாமா கடையில். வீடு, வேலை, உறவு மூன்றும் ஒரே பிளக்கில் ஓடின. அதை யாராவது பிடுங்கினால் மூன்றும் சேர்ந்து அணைந்துவிடும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மாமா கெட்டவர் இல்லை. கை நீட்டியதே கிடையாது. வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். தொழிலில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. பேசிக்கொண்டிருக்கிறவரின் மைக்கை நடுவில் அணைக்கக் கூடாது. "அவன் உளறட்டும், அழட்டும், கொட்டாவி விடட்டும். நாம கேக்க வைக்கிறவங்க மாப்ளே, நிறுத்துறவங்க இல்ல" என்பார். ஒரு பிரமுகர் மேடையில் தும்மித் தும்மி மூக்கைச் சிந்தியபோதுகூட அவர் பட்டனில் கை வைக்கவில்லை. கூட்டம் முழுவதும் அந்த மூக்கைக் கேட்டது.

ஆனாலும் அவள் அவருக்குப் பயந்தாள். அந்தப் பயத்துக்குக் காரணம் ஒரு சின்னச் சம்பவம்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மேடை நிகழ்ச்சியில் ஒரு திருநங்கை பாடினார். கம்பியில்லா மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, அரங்கே அடங்கிப்போகும்படி பாடினார். மிக்சருக்குப் பின்னால் நின்ற ஒயரு மூச்சுவிட மறந்து கேட்டாள். நிகழ்ச்சி முடிந்து சாமான்களைக் கட்டும்போது மாமா அந்த மைக்கை இரண்டு விரலால் எடுத்தார். மேலே இருக்கும் உருண்டைக் கம்பிவலையைத் திருகிக் கழற்றி, மேடைக்குப் பின்னால் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டார். "புதுசு ஒண்ணு மாட்டிடு மாப்ளே" என்றார்.

அவர் முகத்தில் கோபம் இல்லை, அருவருப்புகூட இல்லை. செல் தீர்ந்துவிட்டது, மாற்று என்று சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கோபம் என்றால் ஒருநாள் ஆறும் என்று காத்திருக்கலாம். இது அவருக்குச் சாதாரண வேலை. நான் யாரென்று தெரிந்தால் என்னையும் இப்படித்தான், கோபமே இல்லாமல், திருகிக் கழற்றிப் போட்டுவிடுவார் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பு அதற்குப் பிறகு அவளை விடவே இல்லை.

எல்லாரும் வண்டியில் ஏறியதும் அவள் திரும்பிப் போய்க் குப்பையிலிருந்து அந்த வலையை எடுத்துக்கொண்டாள். கழுவிக் காயவைத்தாள். கடையில் இருந்த ஜோடி மைக்கில் பி என்று ஸ்டிக்கர் ஒட்டியதன் வலை நசுங்கியபோது, இதை எடுத்து அதில் மாட்டிவிட்டாள். அதற்குப் பிறகு மாமா பி மைக்கை வாயருகே வைத்து "ஹலோ, ஹலோ, செக்" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பாதிச் சிரிப்பும் பாதி உயிர்ப்பயமுமாக இருக்கும்.

இப்படி இருந்தவள் கூடல் என்ற சின்னக் கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது, பாட்டரி என்று எல்லாரும் கூப்பிடும் ஒருவர் மூலமாக. பாட்டரி ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்ட ஆள். உடைந்த பொம்மை, பழைய ரேடியோ எதையாவது பிரித்து, தொட்டால் முனகுகிற பெட்டிகள் செய்வது பாட்டரியின் கலை. உதிரிபாகம் தேடிக் கடைக்கு வந்தபோது ஒயருவின் கைபேசியில் ஓடிய ஒலித்துண்டைக் கேட்டுவிட்டு, "இதை நீயா செஞ்ச? அப்ப நீ எங்க ஆளு" என்றது. எந்த அர்த்தத்தில் சொல்கிறது என்று புரியாமல் ஒயரு வெலவெலத்துப் போனாள். இரண்டு அர்த்தத்திலும்தான் என்று பிறகு தெரிந்தது.

கூடல் மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மதியம் நடக்கும். திருநங்கைகள், திருநம்பிகள், பாட்டரி மாதிரி எதிலும் அடங்காதவர்கள். எல்லாரும் ஏதோ ஒரு வகையில் ஒலியைப் பிடித்துப் பிழைப்பவர்கள் அல்லது அதில் பைத்தியமானவர்கள். கூட்டி நடத்துகிறவரைத் தலைவி என்று கூப்பிடுவார்கள். புத்தகங்களை ஒலிப்பதிவு செய்யும் நிறுவனத்தில் மற்றவர்களின் இருமலையும் எச்சில் சத்தத்தையும் வெட்டி எடுக்கும் வேலை அவருக்கு. "உலகத்துல பாதிப் பேர் முழுங்குறதைக் கேட்டவ நான்" என்பார்.

முன்பு கூடல் வேறொரு மாடியில் நடந்தது. யாரோ ஆர்வக்கோளாறில் முகவரி போட்டு நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். நான்கு பேர் வந்தார்கள். ஸ்பீக்கரை மாடிப்படியில் உருட்டிவிட்டார்கள். எல்லார் முகத்தையும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார்கள். அந்தப் படம் பரவியதில் ஒரு திருநம்பியை வீட்டில் பூட்டி வைத்தார்கள். அவர் அதற்குப் பிறகு கூடலுக்கு வரவே இல்லை. இப்போது இடம் ஒரு நடனப் பள்ளியின் இரண்டாம் மாடி. வாய்வழியாக மட்டும்தான் தகவல். ஒருவர் ஏறி, கொஞ்ச நேரம் கழித்து அடுத்தவர். எல்லாருடைய கைபேசியும் அணைத்துக் கதவோரக் கூடையில். கண்ணாடிச் சுவர்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டு ஒலியை அடக்குவார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. தான் செய்த ஒலியைப் போட்டுக் காட்டுவதற்கு முன்னால், மைக்கில் எந்த எஃபெக்டும் இல்லாமல், தான் தேர்ந்துகொண்ட பெயரையும் உண்மையான ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். பச்சைக்குரல் என்று அதற்குப் பெயர். பகலெல்லாம் குரலைக் கூட்டிக் குறைத்து மறைத்துத் திரிகிறவர்களுக்கு அதைவிடக் கஷ்டமானது எதுவும் இல்லை. ஒயரு மாதக்கணக்கில் ஒயர் இழுப்பதாகச் சாக்குச் சொல்லித் தப்பித்துவந்தாள். கடைசியில் தலைவி, "அடுத்த தடவை நீதான். இல்லேன்னா உன் கேபிளாலேயே கட்டிப் போட்டுப் பேச வைப்பேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள், கூடலில் இருந்த ஒரே மைக் செத்துப்போனது.

ஒயரு பி மைக்கை எடுத்துப் போகத் தீர்மானித்தாள். அதில் ஒரு சிக்கல். ஏ, பி இரண்டு மைக்குகளும் பேசுவதை வாங்கித் தருவது ஒரே ரிசீவர் பெட்டி. பெட்டியை எடுத்தால் மாமா கண்டுபிடித்துவிடுவார். ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு யாரோ ஒருவரின் பணி ஓய்வுப் பாராட்டு விழாவில் வேலை இருந்தது. அதற்கு ஏ மைக் ஒன்றே போதும், பி மைக்கைத் தேட மாட்டார். ஆகவே அவள் மூலையில் கிடந்த பழைய பெட்டி ஒன்றைத் தட்டிக்கொட்டி, பி மைக்கின் அலைவரிசைக்கு டியூன் செய்துவிட்டாள். மாமாவின் பெட்டியும் அதே அலைவரிசைக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும்தான். ஆனால் அவர் விழா நகரத்தின் மறுகோடியில். அவ்வளவு தூரம் இந்த மைக்கின் குரல் எட்டாது. தன் கெட்டிக்காரத்தனத்தை அவளே மெச்சிக்கொண்டாள்.

"சிநேகிதன் வீட்டுல ஒரு வேலை இருக்கு மாமா."

"போயிட்டு வா மாப்ளே. நானும் டிரைவரும் பாத்துக்கறோம்" என்றார் அவர்.

ஞாயிறு மதியம் முதல் ஆளாகப் போய் எல்லாவற்றையும் மாட்டினாள். அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு விழா ஹால் உண்டு. அவள் ஏறும்போது அது பூட்டிக் கிடந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பாட்டரி தன் முனகும் பெட்டியை வாசித்தது. அது பசித்த பூனையையும் பழுதான லிஃப்ட்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கியது போல இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். வெளியே எங்கோ ஏதோ பேச்சுச் சத்தம் லேசாகக் கேட்டது, யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு தலைவி ஒயருவைப் பார்த்துத் தலையாட்டினார்.

பி மைக்கைக் கையில் எடுத்தபோது அது வழுக்கியது. உள்ளங்கை அவ்வளவு வேர்த்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தான் தேர்ந்து வைத்திருந்த பெயரைச் சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னாள்.

அந்தப் பெயர் திரும்பி வந்தது.

காலுக்கு அடியிலிருந்து, பெரிதாக, அகலமாக வந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. படிக்கட்டு எதிரொலி என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, "நான் என் அக்கா வீட்டுல இருக்கேன்" என்றாள். அதுவும் கீழேயிருந்து திரும்பி வந்தது, பாதியில் நின்றது.

அங்கேதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. கம்பளி போர்த்திய இந்த அறையில் எதிரொலி வராது. அப்படியே வந்தாலும், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி மெல்லத் தேய்ந்து மறையும். இது கத்தரித்த மாதிரி நின்றது. யாராவது கை வைத்து அணைத்தால்தான் ஒலி அப்படி நிற்கும்.

ஆனால் எதிரே அத்தனை கண்கள். நாக்கு அதன் பாட்டுக்கு, வீட்டில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஒப்பித்தது. "எனக்கு உலகத்துல ஒரே ஒருத்தர்கிட்டதான் பயம். அவர் எனக்குச் சாப்பாடு போட்டு வளர்த்தவர். அவருக்குத் தெரிஞ்சா என்னைத் தூக்கிப் போட்டுடுவார். இப்ப நீங்க கேக்கப்போறது அவர் குரல்தான்."

தலைவி லேப்டாப்பில் பட்டனைத் தட்டினார். அவள் செய்த ஒலி ஓடத் தொடங்கியது. பல வருஷமாகப் பதிந்து வைத்த மாமாவின் "ஹலோ, ஹலோ, செக்" நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, மழையாகி, மழைக்குள்ளிருந்து மறுபடி ஒற்றைக் குரலாக எழுந்தது. மைக் இன்னும் அணையாமல் அவள் கையில் இருந்தது. அதைப் பார்த்ததும் பட்டனை அழுத்தி அணைத்தாள். கம்பளியை விலக்கி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

கீழே, ஹால் வாசலில், கடை வண்டி நின்றிருந்தது. அவள் எங்கோ இடித்ததில் பின்கதவு நசுங்கிய அதே வண்டி.

"என் மாமா கீழ இருக்கார்" என்றாள். இரண்டாம் தடவை சொன்னபோதுதான் மற்றவர்களுக்குக் கேட்டது. "நான் பேசினது அவர் ஸ்பீக்கர்ல போயிருக்கு. ஹால்ல எல்லாரும் கேட்டிருப்பாங்க."

பாட்டரி ஓடிப்போய்க் கதவின் தாழ்ப்பாளைப் போட்டது. யாரோ விளக்கை அணைத்தார்கள். யாரோ ஒரு ஸ்பீக்கரைத் தள்ளிவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். இறங்க ஒரே ஒரு படிக்கட்டு. அது அந்த ஹால் வாசலுக்குத்தான் போகிறது. பழைய மாடியில் உருண்ட ஸ்பீக்கரின் சத்தத்தை மறக்காதவர்கள் எல்லாரும் சுவரோரம் ஒண்டிக்கொண்டார்கள். தன்னால் அத்தனை பேருக்கும் ஆபத்து வந்துவிட்டதே என்று ஒயருவுக்குத் தோன்றியது. அவள் கூடையிலிருந்து தன் கைபேசியை எடுத்து உயிர்ப்பித்தாள். மாமா மூன்று தடவை கூப்பிட்டிருந்தார். குறுஞ்செய்தி ஒன்றும் இருந்தது. அங்கே கரண்ட் கோளாறு, விழா இடம் மாறிவிட்டது, முடிந்தால் உதவிக்கு வா என்று.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து. பாரம் தூக்கித் தூக்கி இடுப்பு பிசகிய மனிதரின் நடை. எத்தனை பேர் கூட்டத்திலும் அவள் அந்த நடையைப் பிரித்துச் சொல்லிவிடுவாள். ஒரே ஒரு ஆள்தான் வருகிறது என்பதும் தெரிந்தது. ஆனால் அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. வந்தது எவன் எவனோ என்றால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

கதவு தட்டப்பட்டது. தலைவிதான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "யாரு?" என்றார்.

"கீழ சவுண்டு செட்டுக்காரன்மா. உங்க மைக் எங்க லைன்ல கேட்டுச்சு. அணைச்சிட்டீங்களா?"

"அணைச்சாச்சுங்க."

செருப்பு நகரவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் இத்தனை பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க, அந்தப் பக்கம் அவர் மூச்சு மட்டும் படியேறிய இளைப்போடு கேட்டது.

"எங்க கடை மைக் ஒண்ணு உள்ள இருக்கு" என்றார் கடைசியில். "சாயங்காலம் அது கடைக்கு வந்துடணும்."

செருப்பு இறங்கிப் போனது.

விழா முடிந்து வண்டி கிளம்பும் வரை யாரும் அசையவில்லை. பிறகு தலைவி ஒயருவைக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். "போக வேண்டாம்டி. என் வீட்டுல ஒரு பாய் போட இடம் இருக்கு. மைக்கை நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன்" என்றார். ஒயருவுக்கு அந்தப் பாய் இப்போதே கண்ணில் தெரிந்தது. அதில் சுருண்டு படுத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் அக்கா ராத்திரி சாப்பாட்டுக்கு மூன்று தட்டு வைப்பாள். ஒரு தட்டு காலியாக இருந்தால் ஏன் என்று கேட்பாள். மாமா பதில் சொல்வார். அந்தப் பதிலைத் தான் இல்லாதபோது அவர் சொல்லிவிடுவதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

"நானே போறேன்" என்றாள்.

கடை ஷட்டர் திறந்திருந்தது. டிரைவர் போய்விட்டிருந்தார். மாமா முக்காலியில் உட்கார்ந்து கேபிள் சுற்றிக்கொண்டிருந்தார். அவள் பி மைக்கை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். எதற்கும் இருக்கட்டும் என்று தெருப்பக்கமாகவே நின்றாள்.

"மாப்..." என்று ஆரம்பித்து, அவர் நிறுத்திக்கொண்டார். மறுபடி கேபிளைச் சுற்றினார்.

"நான் உன்னை என்னிக்காவது அடிச்சிருக்கேனா?"

"இல்ல மாமா."

"திட்டியிருப்பேன். அது எல்லாரையும் திட்டுறதுதான்."

"ஆமா."

"அப்புறம் என்ன, ஊருக்கெல்லாம் மைக்குல சொல்ற அளவுக்குப் பயம்?"

"ஹால்ல எல்லாரும் கேட்டாங்களா?" என்று கேட்டாள்.

"முதல் ரெண்டு வார்த்தைதான். உன் குரல்னு புரிஞ்சதும் வெளிச் சத்தத்தை மொத்தமா அணைச்சிட்டேன். ஏ மைக்கும் சேர்ந்து போயிடுச்சு. சீஃப் கெஸ்ட் பாட்டுக்கு வாயை ஆட்டிக்கிட்டு நின்னார், மீன் மாதிரி." அவர் சிரிக்கவில்லை. "மீதியை நான் ஹெட்போன்ல கேட்டேன். என் குரலை வச்சு என்னவோ பண்ணியிருந்தியே, அதையும். கீழ கத்துறாங்க, திட்டுறாங்க. கேட்டுட்டுத்தான் எழுந்தேன். முப்பது வருஷத்துல முதல் தடவையா ஒருத்தர் பேச்சை நடுவுல நிறுத்தியிருக்கேன்."

அவர் கேபிளைக் கீழே வைத்துவிட்டுப் பி மைக்கை எடுத்தார். வலையைப் பிடித்துத் திருகத் தொடங்கினார்.

வலை கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. மேசைக்கு அருகில்தான் குப்பைக் கூடை இருந்தது. அவள் அந்தக் கூடையையே பார்த்தாள்.

"அந்தம்மா பாடினாங்களே மாமா" என்றாள். தான்தான் பேசுகிறோம் என்று அவளாலேயே நம்ப முடியவில்லை. "அப்பவும் நீங்க இப்படித்தான் கழட்டிக் குப்பையில போட்டீங்க. அன்னிலேர்ந்துதான் பயம். நான் எடுத்துக் கழுவி வச்சேன். அந்த வலைதான் இது. இத்தனை வருஷமா நீங்க இதுலதான் ஹலோ சொல்லிட்டிருக்கீங்க."

தெருவில் ஏதோ வண்டி போனது. மாமா வலையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அவர் காது மடல் சிவந்துபோனது. கோபமா, வெட்கமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. எந்த நிமிஷமும் அந்தக் கை கூடைப் பக்கம் நீளும் என்று காத்திருந்தாள்.

"போட்டேனா?" என்றார். வலையைக் கையில் உருட்டிக்கொண்டே, "போட்டிருப்பேன்" என்றார்.

வலையை மறுபடி வைத்துத் திருகினார். திருகுப் புரி சரியாக உட்காரவில்லை, கழற்றி மறுபடி திருகினார். பெட்டியைப் போட்டு, ஒரு ஸ்பீக்கரை மாட்டி, மைக்கை உதட்டோடு வைத்தார்.

"ஹலோ. ஹலோ. செக்."

பிறகு எழுந்துபோய் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். தெருவில் யாராவது நிற்கிறார்களா என்று குனிந்து பார்த்துவிட்டு வந்தார். அவருக்கும் பயமாக இருக்கிறது என்பது ஒயருவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"உங்க அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன். அவ எப்படி எடுத்துக்குவான்னு எனக்கே தெரியல. நீதான் சொல்லணும், உனக்கு எப்ப முடியுதோ அப்ப" என்றார். மைக்கை அவளிடம் நீட்டினார். "கீழ யாரு குரல்னு எனக்குப் புரியறதுக்குள்ள பேரு போயிடுச்சு. அதை இன்னொரு தடவை சொல்லு."

அவள் வாங்கிக்கொண்டாள். வலையில் அவர் மூச்சின் ஈரம் இன்னும் காயாமல் இருந்தது. அவள் அதில் வாயை வைத்து, மெதுவாகத் தன் பெயரைச் சொன்னாள்.